மலை உச்சியில் மணி தவறிய லேப்டாப்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? உங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. திரையின் வலது பக்கக் கீழ் மூலையில் மணி தெரிகிறதே, அது யாருடைய மணி?

"இது என்ன கேள்வி? என் கம்ப்யூட்டரின் மணிதான்" என்று நீங்கள் சொல்லலாம். சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது முழு உண்மை அல்ல என்பதை அமெரிக்கப் பாலைவனத்தில் 11,049 அடி உயர மலை ஒன்றின் உச்சியில், கை விறைக்கும் காற்றில் உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்தையும் சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன?

அரசு நடத்தும் அல்லது அங்கீகரிக்கும் தேர்வில் பாஸ் செய்து, உரிமம் வாங்கி, சொந்த ரேடியோ நிலையம் வைத்து மற்றவர்களுடன் தொடர்பு கொள்வதுதான் ஹாம் ரேடியோ. தமிழில் அமெச்சூர் வானொலி. இது பொழுதுபோக்கு, இதில் பணம் சம்பாதிக்கக் கூடாது. உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு 'கால் சைன்' உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் வியூ2, வியூ3 என்று தொடங்கும். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி கூட ஒரு ஹாம்தான்.

நான் கல்லூரியில் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். ஆண்டெனா பாடத்தில் சமன்பாடுகளை மனப்பாடம் செய்து எழுதிப் பாஸ் ஆனேன். ஆனால் நான்கு வருடத்தில் ஒரு ஆண்டெனாவைக் கூடக் கையால் கட்டியதில்லை. பிறகு வேலை, கோடிங், ப்ராஜெக்ட் என்று ஓடியது.

கம்பெனி வேலையாக லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது அங்கே ஒரு மூத்த ஊழியர் அறிமுகமானார். மதுரைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு ஹாம். "தம்பி, எலெக்ட்ரானிக்ஸ் படிச்சுட்டு ரேடியோ தெரியாதுன்னு சொல்றது, மதுரையில இருந்துக்கிட்டு வைகை எங்கன்னு கேக்குற மாதிரி" என்றார். ரோஷம் வந்து தேர்வு எழுதினேன்.

அங்கே முதல் நிலைத் தேர்வில் 35 கேள்விகள். 26 சரியாக இருந்தால் பாஸ். அடுத்த நிலைக்கும் அதே கணக்கு. கேள்வித் தொகுப்பை முன்கூட்டியே வெளியிட்டு விடுகிறார்கள். மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2007-ம் ஆண்டிலேயே அங்கு நீக்கப்பட்டது. அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு தேர்வும் எழுதி உரிமம் வாங்கினேன்.

ஏன் மலை ஏற வேண்டும்?

'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. 2002-ம் ஆண்டு மார்ச் மாதம் பிரிட்டனில் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. சுருக்கமாக சோட்டா என்பார்கள். மலை உச்சிக்கு ரேடியோவைச் சுமந்து சென்று அங்கிருந்து தொடர்பு கொள்ள வேண்டும். குறைந்தது நான்கு பேருடன் தொடர்பு கிடைத்தால்தான் அந்த மலைக்கான புள்ளிகள் கிடைக்கும். வண்டிக்குள் உட்கார்ந்து பேசக் கூடாது. பெட்ரோல், டீசல் ஜெனரேட்டர் கூடாது. நிலையம் முழுவதும் உங்கள் முதுகில்தான் வர வேண்டும்.

ஒரு அக்டோபரில் அண்ணனும் நானும் போனது டெலஸ்கோப் பீக். கலிபோர்னியாவில் டெத் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பெயரே மரணப் பள்ளத்தாக்கு. 1913-ம் ஆண்டு ஜூலையில் அங்கு பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலகின் அதிகபட்ச வெப்பநிலையாக ஏற்கப்பட்டுள்ளது. அந்தப் பள்ளத்தாக்கின் மேற்கே நிற்கும் மலைத்தொடரில் மிக உயரமானது இந்த உச்சி. மீட்டர் கணக்கில் 3,368.

முதல் நாள் இரவு மகோகனி ஃபிளாட் என்ற முகாமில் படுத்தோம். நடைபாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு வழி 11 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் சுமார் 900 மீட்டர். வழியில் தண்ணீர் கிடையாது. செல்போன் சிக்னலும் இல்லை. காலையில் பையை மாட்டும்போது அண்ணன் கேட்டார்.

"தம்பி, தண்ணி எவ்வளவு?"

"நாலு லிட்டர்ணே."

"சரி. அந்த லேப்டாப் எதுக்கு?"

"கம்ப்யூட்டர் இல்லாம எப்படிண்ணே?"

அவர் சிரித்தார். வேறு எதுவும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் பேசும் ரேடியோ

நான் ஏன் லேப்டாப்பைத் தூக்கினேன்? ஹாம் ரேடியோவில் இன்று பலர் வாயால் பேசுவதைவிடக் கம்ப்யூட்டர் மூலம்தான் அதிகம் 'பேசுகிறார்கள்'. எஃப்டி8 என்பது 2017-ல் வந்த ஒரு முறை. இதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர். வானியல் ஆராய்ச்சிக்காக 1993-ல் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்துகொண்டவர். இதற்கான டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் என்ற சாப்ட்வேர் இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும்.

இதில் வேலை செய்வது உங்கள் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்க உதவும் அதே சவுண்ட் கார்டுதான். ரேடியோவிலிருந்து வரும் ஒலியைச் சவுண்ட் கார்டு எண்களாக மாற்றும். சாப்ட்வேர் அந்த எண்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும். நாம் அனுப்பும்போது இதுவே தலைகீழாக நடக்கும். காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் இடத்திலிருந்தும் கூட இந்தச் சாப்ட்வேர் செய்தியைத் தோண்டி எடுத்துவிடும்.

ஆனால் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய குறுகிய பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்து வண்டிகள் 15 விநாடி போகும். பிறகு அந்தப் பக்கத்து வண்டிகள் 15 விநாடி. எஃப்டி8 அப்படித்தான். நிமிடத்தின் 0, 15, 30, 45-வது விநாடிகளில் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் முறை மாறுகிறது. எனவே எல்லோருடைய கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஒரு விநாடி தவறினால் சமாளிக்கும். மூன்று விநாடி தவறினால் ஒன்றும் படிக்க முடியாது.

இது எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்திருந்தேன். வீட்டில் ஓட்டியும் பார்த்திருந்தேன். அருமையாக வேலை செய்தது.

உச்சியில் நடந்தது

நான்கு மணி நேரத்துக்கு மேல் ஏறி உச்சியைத் தொட்டோம். கிழக்கே குனிந்து பார்த்தால் பேட்வாட்டர் உப்பு வெளி வெள்ளையாகத் தெரிகிறது. அது கடல் மட்டத்துக்கும் 86 மீட்டர் கீழே இருக்கிறது. மேற்கே வானம் தெளிவாக இருந்ததால் 4,421 மீட்டர் உயர விட்னி மலையும் தெரிந்தது. அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவின் மிகத் தாழ்ந்த இடமும் மிக உயர்ந்த இடமும் இவைதான். இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தோம். கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, மேலே ஸ்வெட்டர் போட்டும் குளிர்ந்தது.

அண்ணன் ஒரு மடக்குக் கம்பத்தை நீட்டிக் கற்களுக்கு நடுவே நிறுத்தினார். அதில் பத்து மீட்டர் ஒயரைச் சாய்வாகக் கட்டினார். அதுதான் ஆண்டெனா. ஏன் பத்து மீட்டர்? ரேடியோ அலை விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 21 மீட்டர். அதில் பாதி பத்து மீட்டர் சொச்சம். கல்லூரியில் நான் மனப்பாடம் செய்த சமன்பாடு, அங்கே என் கண் முன்னால் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ரேடியோவின் சக்தி 5 வாட். உங்கள் வீட்டு எல்இடி பல்பு 9 வாட் இருக்கும். அதைவிடக் குறைவு. அண்ணன் மோர்ஸ் கட்டையைத் தட்டத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். எப்படி இவ்வளவு சீக்கிரம்? முதல் நாளே இந்த மலைக்கு வரப்போவதாகச் சோட்டா இணையதளத்தில் அறிவித்திருந்தார். ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் என்ற அமைப்பில் உலகெங்கும் ஹாம்கள் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்கள் மோர்ஸ் ஒலியைக் கேட்டு, இன்னார் இந்த அலைவரிசையில் அழைக்கிறார் என்று தாமாகவே பதிவு செய்கின்றன. அதைப் பார்த்து வீட்டிலிருக்கும் ஹாம்கள் ஓடி வருகிறார்கள். உச்சியில் எங்களுக்கு இன்டர்நெட் இல்லை. ஆனாலும் எங்கோ இருந்த கம்ப்யூட்டர்கள் எங்களுக்காக வேலை செய்தன.

அடுத்து என் முறை. லேப்டாப்பைத் திறந்தேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை. ஜாக்கெட்டைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு பார்த்தேன். சாப்ட்வேர் ஓடுகிறது. சிக்னல்கள் வண்ணக் கோடுகளாக வழிந்து இறங்குகின்றன. ஆனால் ஒரு எழுத்துக் கூட வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன். சவுண்ட் கார்டு செட்டிங்குகளை மாற்றினேன். சாப்ட்வேரை மூடித் திறந்தேன். கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்தேன். முக்கால் மணி நேரம் போய்விட்டது. குளிரில் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. ஒரு மணிக்கு மேல் உச்சியில் இருப்பதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். இருட்டுவதற்குள் 11 கிலோமீட்டர் இறங்கியாக வேண்டும். தண்ணீரும் அளவாகத்தான் இருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "கோடு வருது, எழுத்து வரல. அப்போ ரேடியோ சரி, ஒயர் சரி, சவுண்ட் கார்டு சரி. மணி சரியா?"

"கம்ப்யூட்டர் மணிண்ணே. தப்பா இருக்காது."

"யாரு சொன்னா?"

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

ரேடியோ சொன்ன மணி

அண்ணன் ரேடியோவை 10 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினார். 'டிக், டிக்' என்று விநாடிக்கு ஒரு தட்டு. கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற இடத்தில் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் நடத்தும் டபிள்யூடபிள்யூவி நிலையம் அது. அணுக் கடிகாரத்தின் நேரத்தை இரவு பகலாக ஒலிபரப்புகிறது. ஒவ்வொரு நிமிடமும் ஒரு குரல் நேரத்தைச் சொல்லும். பிறகு நீண்ட 'பீப்' ஒலிக்கும். அந்த நொடியில் என் லேப்டாப்பைப் பார்த்தேன். ஏழு விநாடி பின்தங்கியிருந்தது!

நடந்தது இதுதான். கம்ப்யூட்டருக்குள் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் உண்டு. கம்ப்யூட்டரை அணைத்தாலும் மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரியால் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அது அவ்வளவு துல்லியமானது அல்ல. நாளுக்கு அரை விநாடி, ஒரு விநாடி தவறுவது சாதாரணம். இன்டர்நெட் இருக்கும்போது விண்டோஸ் அவ்வப்போது ஒரு டைம் சர்வரைக் கேட்டு அதைத் திருத்திக்கொள்கிறது. வீட்டில் வை-ஃபை இருந்ததால் எல்லாம் சரியாக இருந்தது. அதன் பிறகு இரண்டு வாரம் அந்த லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. கேட்டுத் திருத்திக்கொள்ள உச்சியில் யாரும் இல்லை.

சரி செய்வது எளிதுதான். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தேன். 'டைம்' என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, வரப்போகும் நிமிடத்தின் நேரத்தைக் கொடுத்தேன். நிலையம் சொல்வது உலகப் பொது நேரம். எனவே மணி வேறாக இருக்கும், நிமிடமும் விநாடியும் ஒன்றுதான். நீண்ட 'பீப்' வந்ததும் என்டர் தட்டினேன். கொலராடோவிலிருந்து அலை வந்து சேர விநாடியில் நூறில் ஒரு பங்கு கூட ஆகாது. என் விரலின் தாமதம்தான் அதைவிடப் பெரிது.

அடுத்த 15 விநாடியில் திரை நிறைய எழுத்துகள்! டெக்ஸாஸ், ஒஹாயோ, புளோரிடா. கடைசியாக நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாய். பல்பை விடக் குறைந்த சக்தி, ஒரு ஒயர், நடுவில் எந்தக் கம்பெனியின் டவரும் கேபிளும் இல்லை. வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியே அந்த அலை போய்ச் சேர்ந்தது. இறங்கும் நேரம் வந்துவிட்டதால் ஆறு தொடர்புகளோடு மூட்டை கட்டினேன்.

என் கருத்து

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் கம்ப்யூட்டரில் எது நம்முடையது, எது நெட்வொர்க்கிலிருந்து கடன் வாங்கியது என்று நமக்குத் தெரிவதில்லை. கடன் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடன் என்று தெரியாமல் இருப்பது தவறு. கடன் நின்றுபோகும் நாளில் எங்கே தேடுவது என்றே தெரியாமல் தவிப்போம். மணியைச் சந்தேகிக்க எனக்கு முக்கால் மணி நேரம் தோன்றவில்லை. அண்ணனுக்கு அரை நிமிடத்தில் தோன்றியது. அவர் என்னைவிடப் பெரிய புரோகிராமர் என்பதால் அல்ல. ஒவ்வொரு துண்டையும் தன் கையால் இணைத்துப் பழகியவர். எந்தத் துண்டு எதை நம்பி நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

"செல்போனே சாட்டிலைட் மூலம் உதவி கேட்கும் காலம் இது. இந்த ஒயரும் கம்பமும் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022-லிருந்து சில செல்போன்களில் அந்த வசதி சில நாடுகளில் இருக்கிறது. மலை ஏறுபவர்கள் அதை எடுத்துச் செல்வது நல்லதுதான். ஆனால் அது இன்னொரு கடன். வேலை செய்யும் வரை செய்யும். செய்யாவிட்டால் நீங்கள் திறந்து பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

2004 டிசம்பர் 26-ஐ நம் கடற்கரை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று சுனாமி வந்தபோது, பாரதி பிரசாத் என்ற இந்தியப் பெண் ஹாம் தன் குழுவுடன் போர்ட் பிளேரில் இருந்தார். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோவை இயக்கிக் காட்டத்தான் அங்கு போயிருந்தார். தொலைபேசிகள் செயலிழந்த நேரத்தில் அந்த ரேடியோவே தீவிலிருந்து வெளியே செய்தி சொல்லும் வழியாக மாறியது. பொழுதுபோக்காகக் கற்ற திறமை, தேவையான நேரத்தில் கைகொடுத்தது.

நீங்கள் செய்யக்கூடியவை

மலை ஏறச் சொல்லவில்லை. வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் உங்கள் மணி. திரையின் மூலையில் உள்ள நேரத்தின் மீது ரைட் கிளிக் செய்து, 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' பகுதிக்குச் செல்லுங்கள். கடைசியாக எப்போது, எந்த சர்வரிடம் நேரம் கேட்டது என்று அங்கே தெரியும். 'சிங்க் நவ்' பட்டனை அழுத்திப் பாருங்கள். பழைய கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? பாதுகாப்பான இணையதளங்கள் திறக்காமல் எச்சரிக்கை வருகிறதா? வைரஸ் என்று பயப்படாதீர்கள். மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை மாற்றினால் போதும்.

இரண்டாவது, ஒரு மாலை நேரம் வை-ஃபையை அணைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள். எந்தப் புரோகிராம் ஓடுகிறது, எது முரண்டு பிடிக்கிறது, உங்கள் போட்டோக்களில் எவை உண்மையில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் உங்களுக்கு ஆச்சரியம் தரும்.

மூன்றாவது, ரேடியோவைக் காதால் கேளுங்கள். நெதர்லாந்தில் உள்ள ட்வென்டே பல்கலைக்கழகம் தன் சிற்றலை ரிசீவரை வெப் எஸ்டிஆர் என்ற பெயரில் இன்டர்நெட்டில் இணைத்திருக்கிறது. பிரவுசரிலேயே திருப்பிக் கேட்கலாம். பிடித்துப்போனால் நம் நாட்டிலும் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுதி உரிமம் பெறலாம். உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அந்த லேப்டாப்பை இன்றும் மலைக்குக் கொண்டுபோகிறேன். ஆனால் கிளம்புவதற்கு முதல் நாள் இரவு மணியைச் சரிபார்த்துவிட்டுத்தான் பையில் வைக்கிறேன். மோர்ஸும் கற்றுக்கொண்டிருக்கிறேன். அண்ணனின் வேகம் வர இன்னும் நாளாகும். இன்று இரவு உங்கள் கம்ப்யூட்டரை அணைக்கும் முன் அந்த மூலையில் உள்ள மணியை ஒரு முறை சரிபாருங்கள். எத்தனை விநாடி தவறியிருக்கிறது?